ஒரு சாண் மேலே

"ஐயா, இன்னைக்கும் லென்ஸை விட்டுட்டு மேல பாத்துட்டீங்க" என்றார் வீடியோக்காரர், கேமராவை அணைத்தபடி.

போதகர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தார். "என்னண்ணே பண்றது, கண்ணு தானா அங்க போயிடுது."

இரண்டு வருடமாக இதே பேச்சுதான். புதன்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டரைக்கு, இணையத்தில் இருபது நிமிட நேரலை ஜெபம். லென்ஸுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டிப் பார்த்தாயிற்று, அம்புக்குறி வரைந்து பார்த்தாயிற்று. மனிதர் மசியவில்லை. வேதத்தை அட்சரம் பிசகாமல் சொல்லுகிற ஆளுக்கு இந்தச் சின்ன வித்தை மட்டும் வரவேயில்லை.

ஆலயத்தில் நாற்பது பெஞ்சு. புதன்கிழமையானால் நாற்பதும் காலி. இன்று மட்டும் அதிசயமாக முதல் பெஞ்சில் சபைச் செயலாளர், கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இன்னைக்கு எத்தனை பேர் பாத்தாங்க தெரியுமா? ஒண்ணு. போன வாரம் ஒண்ணு. அதுக்கு முந்தின வாரமும் அதே ஒண்ணு. பக்கத்துத் தெரு சபையில லைட்டு என்ன, புகை என்ன, டிரம்ஸ் என்ன... பத்தாயிரம் பேர் பாக்குறாங்க. நம்ம நம்பரைப் பாத்து ஊரே சிரிக்குது. வெளிய தலை காட்ட முடியல."

செயலாளர் கெட்டவர் இல்லை. சபைக்கு ஒன்றென்றால் முதல் ஆளாக ஓடி வருவார். அவருடைய சொந்த மகளே அந்த டிரம்ஸ் சபைக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. வலிக்காதா, பாவம்.

"புதன்கிழமையை நிறுத்திடுவோம். அதுக்குப் பதிலா ஒரு நிமிஷ வீடியோ போடுவோம், பின்னால மியூசிக்கோட. அதுக்கு மேல இப்ப யாருக்குப் பொறுமை இருக்கு?"

"ஒருத்தர் இருபது நிமிஷமும் இருக்காரே. அவருக்காக நடத்துறேன்."

"யாரு அவரு?"

"அதைச் சொல்லக் கூடாது."

செயலாளர் எழுந்தார். "ஆள் இருக்காரா, இல்ல மிஷின் ஏதாவது தப்பா காட்டுதா? ஞாயித்துக்கிழமை கமிட்டியில கேப்பேன் ஐயா. அப்படி ஒரு ஆள் நிஜமா இருக்கார்னு எல்லார் முன்னாலயும் உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா நிறுத்தியாச்சு."

"தாராளமா சொல்றேன். ஆள் இருக்கார்."

செயலாளர் போய்விட்டார். வீடியோக்காரர் கேபிளைச் சுருட்டுவதைப் பாதியில் நிறுத்தினார்.

அவருக்குத் தொழில் கல்யாண வீடியோ எடுப்பது. மனைவி இந்த ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். அவளை அடக்கம் செய்த நாளோடு ஞாயிறு ஆராதனைக்கு வருவதை விட்டுவிட்டார். "புதன்கிழமை வர்றது வேலைக்கு. ஜெபம் பண்ண இல்ல" என்று முதல் நாளே போதகரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். "வேலைக்கே வாங்கண்ணே" என்றார் போதகர். ஏன் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் காய்ச்சலில் படுத்தபோது, இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வீடு தேடி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். தன்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை என்றுதான் வீடியோக்காரருக்குத் தோன்றும்.

அந்த மனிதர் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமா?

"ஐயா, ஞாயித்துக்கிழமை அப்படிச் சொல்லிடாதீங்க." கேமராப் பைக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்து நீட்டினார். அதில் சபையின் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. "அந்த ஒண்ணு இதுதான். ஆரம்பத்துல ஒரு நாள் சைபர் காட்டுச்சு. உங்க முகம் அப்படியே வாடிப்போச்சு. எனக்கு மனசு கேக்கல. அன்னையிலேருந்து இதை ஆன் பண்ணிப் பையில போட்டுடறேன். சத்தம்கூட வைக்கிறதில்ல. ரெண்டு வருஷமா உங்களை ஏமாத்திட்டேன் ஐயா. மன்னிச்சிடுங்க."

போதகர் போனை வாங்கிப் பார்க்கவேயில்லை.

"தெரியும்ண்ணே. முதல்லேருந்தே சந்தேகம்தான். போன மாசம் நீங்க காய்ச்சல்ல படுத்தப்ப, நானே கேமராவை ஆன் பண்ணி நின்னேன். சைபர். அதான் எல்லாத்தையும் மூடிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டேன்."

வீடியோக்காரர் திகைத்தார். "யாரும் பாக்கலேன்னு தெரிஞ்சுமா இத்தனை நாளாப் பேசுனீங்க? கடவுள் மேல கோவம் இருந்தா கோவத்தோடயே அவர்கிட்ட பேசுங்க, பேசாம மட்டும் இருந்துடாதீங்கன்னு இன்னைக்கு அப்படி உருகிச் சொன்னீங்களே... ஆளே இல்லாம கமிட்டியில என்ன சொல்லப்போறீங்க?"

"ஆள் இருக்கார்னுதான்."

போதகர் கேமராவுக்கு முன்னால் வந்து, கட்டைவிரலை லென்ஸின் மேல் வைத்து, கையை விரித்து மேலே ஒரு சாண் அளந்தார். சுண்டுவிரல் போய் நின்ற உயரத்தில், கேமராவுக்குப் பின்னால், இரண்டு வருடமாக அவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த வீடியோக்காரரின் முகம் இருந்தது.