கூப்பன் சீனி

தேயிலைத் தோட்டத்தில் சீனிக்குத் தட்டுப்பாடான காலம்; கடையில் கூப்பனுக்கு அளந்துதான் கொடுத்தார்கள். லியனார்ட் தன் மனைவி தெரேசாவுக்கு உத்தரவு போட்டான். "சாமான் செலவக் கொறைக்கணும். இனிமே நம்ம வீட்டுல சீனி போடாத தேத்தண்ணிதான்."

அன்று மாலையிலிருந்து தினமும் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த செபமாலை அண்ணன் வீட்டுக்குப் போய், இனிக்க இனிக்கத் தேத்தண்ணி குடித்தான். குடித்துக்கொண்டே சிக்கனத்தைப் பற்றியும் பேசினான்.

ஒருநாள் கேட்டேவிட்டான். "இந்தப் பஞ்சத்துல ஒங்களுக்கு மட்டும் எப்படிண்ணே சீனி கெடைக்குது?"

"ஒங்க சம்சாரந்தான் ஒங்க கூப்பன் சீனிய எங்களுக்கு விக்கிறாங்க தம்பி. வெல ரெண்டு மடங்கு. நீங்க தெனம் வர்றீங்க, வாங்காம முடியுமா?"

லியனார்ட் கோபத்தோடு வீட்டுக்கு ஓடினான். "நம்ம சீனிய வித்தியாடி?"

"ஆமாங்க" என்றாள் தெரேசா. "நாளையிலருந்து அங்க ரெண்டு கோப்பையாக் குடிங்க. சீக்கிரம் தீந்தாத்தானே திரும்ப வாங்குவாங்க."