கடைசி பஸ்

“கடைசி பஸ் வந்துருச்சு டோய்!”

பின்வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுக்க, வகுப்பே சிரித்தது. வாசலில் அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றாள். வார் அறுந்த செருப்பு ஒன்று கையில் இருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நூலக மாடியில் இந்த வருஷம்தான் தொடங்கிய இலவச மாலை வகுப்பு அது. சம்பளம் வாங்காமல் டீச்சர் தினமும் வந்து கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். ஒரே ஒரு விதிதான். மூன்று முறை தாமதமாக வந்தால் இடம் பறிபோகும். இடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய.

“இது எத்தனாவது தடவை?”

“மூணாவது மிஸ்.”

“தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு மாடி ஏறி வந்த?”

“கணக்குல மட்டும்தான் மிஸ் தடுமாறுறேன். அதுல ஃபெயிலானா படிப்பை நிறுத்திட்டு பேக்கிங் கம்பெனிக்கு அனுப்பிருவேன்னு மாமா சொல்லிட்டாரு. இங்க வந்தப்புறம்தான் மிஸ் கொஞ்சம் புரியுது.”

“புரியணும்னா நேரத்துக்கு வரணும். எனக்கும்தான் வீட்ல ரெண்டு வாண்டு இருக்கு. அதுங்களை விட்டுட்டு நான் டாண்ணு வந்து நிக்கலையா?”

“பஸ் போயிருச்சு மிஸ். நடந்து வந்தேன்.”

“அடுத்த பஸ்ல ஏற வேண்டியதுதானே?”

“அது வகுப்பு முடியறப்பதான் மிஸ் வரும்.”

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் முறைத்ததும் அடங்கியது.

“பாலத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்தா நடந்து வந்த?” டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “பஸ்ஸை ஏன் விட்ட?”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “தம்பி சின்னக் குழந்தை மிஸ். அம்மா வந்தாத்தான் நான் கிளம்ப முடியும். வேலை பாக்குற வீட்ல அம்மாவை விட மாட்டேங்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் அவங்க கையில தம்பியைக் குடுத்துட்டு ஓடி வர்றேன்.”

“அப்பா?”

“எங்க இருக்காருன்னு தெரியாது மிஸ்.”



“முன்னெல்லாம் மத்தியானமே அம்மாவை விட்டுருவாங்க மிஸ். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததுல இருந்துதான் இருட்டுற வரைக்கும் இருக்கச் சொல்றாங்க.”

“இருட்டுற வரைக்கும் அப்படி என்ன வேலை? அந்த மகராசி சோபாவுல சாய்ஞ்சு சீரியல் பாத்துட்டு இருப்பா, உங்க அம்மா ஓடி ஓடி எடுபிடி செய்யணுமா? பொண்ணு படிப்பு கெடுதுன்னு உங்க அம்மா வாயைத் திறந்து சொன்னா என்ன?”

“சொல்லிப் பாத்தாங்க மிஸ். ஆரம்பிச்சாலே, ‘உன் வீட்டுக் கதையெல்லாம் எங்கிட்ட அளக்காத’ன்னு சொல்லிருவாங்களாம்.”

டீச்சரின் முகம் சிவந்தது.

“மனுஷியா அவ? தன் வீட்டு வேலை நடந்தாச் சரி, அடுத்தவ பொண்ணு எக்கேடு கெட்டா என்னன்னு இருக்கா பாரு. நெஞ்சுல ஈரமே இல்லாத ஜென்மம்!” அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து வகுப்பின் பக்கம் திருப்பினாள். “பசங்களா, நல்லாக் கேட்டுக்கோங்க. இனிமே இவளைப் பாத்து எவனாவது பல்லைக் காட்டினீங்க, தொலைச்சிருவேன். உன் இடம் உனக்குத்தாம்மா. போய் உக்காரு.”

“தேங்க்ஸ் மிஸ்.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பெஞ்சை நோக்கி நடந்தாள்.

“இரு, இரு. இத்தோட விட்டா நாளைக்கும் இதே கூத்துதான்.” டீச்சர் கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். “உங்க அம்மா நம்பரைப் போடு. அந்தப் பொம்பளைகிட்டக் குடுக்கச் சொல்லி, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்.”

“வேணாம் மிஸ். அம்மாவுக்கு வேலை போயிரும்.”

“போனாப் போகட்டும். நான் வேற நல்ல வீடாப் பாத்துச் சேத்து விடறேன். போடு.”

அவள் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தியதும் விரல் அப்படியே நின்றது. திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

“மிஸ்... வேணாமே.”

“எதுக்குடி பயப்படற? அதான் நான் இருக்கேன்ல?”

டீச்சர் போனைப் பிடுங்கினாள். வகுப்பைப் பார்த்தபடியே பச்சைப் பொத்தானைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்கம்மா. பிள்ளைங்க ரெண்டும் பால் குடிச்சாச்சு, துணியும் மடிச்சு வெச்சுட்டேன். வந்துட்டு இருக்கீங்களா? இன்னைக்காவது நான் சீக்கிரம் கிளம்பலாமா?”



டீச்சர் ஸ்பீக்கரை அணைத்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் நேரமாகும். இரு.”

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். சாக்பீஸைக் கையில் எடுத்தாள். பாதியில் நின்ற கணக்கைப் பார்த்தபடியே அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

“நீ கிளம்பலாம். நாளைக்கும் வர வேணாம்.”