கணக்கெடுப்பில் இல்லாத கேள்வி

"வீட்டுக்குத் தண்ணி யாரு எடுத்துட்டு வர்றது?"

"நான்தான்."

கணக்கெடுக்க வந்தவளின் விரல் கைபேசித் திரைமேல் அப்படியே நின்றது. இதற்கு முன் போன ஊர்களில் எந்த ஆணும் அப்படிச் சொன்னதில்லை. "தண்ணிக்கு என்ன பஞ்சம், குடம் எப்பவும் நிறைஞ்சுதானே இருக்கு" என்பார்கள். அடுப்படியில் நின்ற பெண்கள் வேறு கதை சொல்வார்கள்.

இந்தத் தெருவில் இதுதான் முதல் வீடு. தச்சர் நாற்காலியில் படிந்திருந்த மரத்தூளைத் துண்டால் தட்டி, அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கேருந்து எடுக்கிறீங்க?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம் அடிபம்பு. வரிசை முழுக்கப் பொம்பளைங்க, நடுவுல நான் ஒருத்தன். மொதல்ல சிரிச்சாங்க. இப்ப 'அண்ணே, நீங்க முன்னாடி போங்க'ன்னு வழி விடுறாங்க. அதுதான் ரொம்பக் கூச்சமா இருக்கு."

"போன மாசம் தண்ணி இல்லாம சமைக்காம விட்டதுண்டா?"

"ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல்?"

"துணி துவைக்காம?"

"இந்தச் சட்டையப் பார்த்தாலே தெரியுமே."

அவள் பார்க்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

"தண்ணியால வீட்டுல சண்டை வந்ததா?"

"இப்ப இல்ல. சண்டைக்கு ரெண்டு பேர் வேணுமே."

"முன்னாடி?"

தச்சர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். "முன்னாடி தெனமும்தான். 'இடுப்பு ஒடியுது, ஒரு நாளாவது கூட வாங்க'ன்னு அவ கேப்பா. ஆம்பளை குடம் தூக்கினா ஊர் சிரிக்கும்னு நான் சொல்வேன். ஒரு நாள் காலிக் குடத்தை வாசல்ல வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டா."

உள்ளே போய் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்து முடித்தாள்.

"தாகத்தோட படுத்ததுண்டா?"

"தாகம் இல்ல. தூக்கம்தான் வர்றதில்ல. பேசலாம்னா சுவர்தான் இருக்கு. அதுகிட்டயும் பேசிப் பார்த்தாச்சு."

ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள்தான் திரையில் இருந்தன. 'இல்லை'யைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் தச்சர். அவர் குரல் இறங்கியிருந்தது. "இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போனா குழாய் வரும்ங்கிறாங்க. வராட்டியும் போகுது. இனிமே எப்பவும் நானே தண்ணி எடுக்கிறேன்னு சொன்னா, போனவ திரும்பி வருவாளா?"

"அந்தக் கேள்வி இதுல இல்லை," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள்.

தெருமுனை மரத்தடியில் மேற்பார்வையாளர் கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆம்பளை பதில் மட்டும்தான் இருக்கு? பொம்பளைகிட்டயும் தனியா கேக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? அந்தத் தச்சரோட சம்சாரம் எங்கே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தச்சர் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கேதான் சார் நிக்கிறேன்," என்றாள். "கேளுங்க, சொல்றேன்."