பாலம் தூக்கும் நேரம்

"இன்னாண்ணா, இன்னிக்குமா பாலத்தைத் தூக்கிட்ட?" என்று பில்கிஸ் கத்தினாள்.

அவளுக்குப் பின்னால், ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்த பெண்கள் நின்றார்கள். எல்லோருக்கும் வீடு ஏரிக்கு அக்கரையில். உல்லாசப் படகு வந்த நாளிலிருந்து, சாயங்காலமானால் பாலம் வானத்தைப் பார்த்து நின்றுவிடும். கைக்குழந்தை அங்கே பாலுக்கு அழுதாலும் பில்கிஸ் இங்கே நிற்க வேண்டியதுதான்.

இன்றைக்கு விட்டால் வேறு வழியில்லை. பாலம் தூக்கும் நேரத்தை முடிவுசெய்ய, அக்கரைப் படகுத்துறையில் அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள்.

"படகு ரவுண்டு போயிருக்கும்மா. அது திரும்பாம இறக்கினா என் வேலை போய்டும்" என்றார் பாலத்தை இயக்கும் கோவிந்தசாமி.

படகு ஆடி அசைந்து வந்தது. பெண்கள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள். "சீக்கிரம் வாங்க! கூட்டத்துக்குப் போவணும்!"

படகில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்தார்.

பாலம் இறங்கியதும் ஓடினார்கள். படகுத்துறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுத்த அந்த மனிதர், கையில் ஃபைலோடு ஜீப்பில் ஏறப் போனார்.

"சார், கூட்டம்?"

"படகுல சுத்திப் பார்த்துக்கிட்டே முடிச்சிட்டோம்மா. ஆட்சேபணை சொல்ல ஒருத்தரும் வரல."

"பாலம் தூக்கியே இருந்துச்சு சார்! கரையில நின்னு எவ்ளோ கை ஆட்டினோம்!"

"பார்த்தேனே!" அவர் முகம் மலர்ந்தது. "ஊரே திரண்டு கையாட்டி வரவேற்குதுன்னு போட்டோவோட அனுப்பிட்டேன். இனிமே காலையிலயும் தூக்குவாங்க."