ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஒயின்

கிளப்புக்கு அனுப்பிய மூன்று பீப்பாயும் திரும்பி வந்துவிட்டன. பொழுது சாய்கிற நேரத்தில், மல்லேஸ்வரத்தில் தான் கட்டிய புதுப் பங்களாவின் கல் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு வேதாசலம் ஒரு வாய் குடித்துத் துப்பினார். நந்தி மலைச் சரிவில் இருக்கும் அவருடைய பழைய திராட்சைத் தோட்டத்துச் சிவப்பு ஒயின், முப்பது வருஷத்தில் இப்படிச் சப்பென்று இருந்ததே இல்லை.

“இன்னாய்யா பண்ணித் தொலைச்சே? எருவை அதிகமாக் கொட்டிட்டியா?”

“இல்லீங்க முதலாளி,” என்றார் தோட்டத்து மேஸ்திரி முனிரத்தினம். “கொடிக்கு அடியில கிடந்த கல்லுங்கதான் போயிடுச்சு. பகல் வெயிலை வாங்கி, ராவெல்லாம் கொடிக்குக் குடுக்கும். அது இல்லாம பழம் சரியாவே பழுக்கல.”

“என் தோட்டத்துக் கல்லை எந்த மடையன் எடுத்தான்?”

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார்.

“வீணாக் கிடக்குதுன்னு நீங்கதானே லாரியில அனுப்பச் சொன்னீங்க? சாஞ்சிருக்கிற சுவத்தைத் தொட்டுப் பாருங்க முதலாளி, இன்னும் சூடு ஆறல.”