கேமராவில் தெரிந்த பொம்மை

"இந்தாங்க, மறுபடியும் அடிக்குது. நீங்களே பாருங்கண்ணே."

விஜயராகவன் போனை நீட்டினான். சேதராப்பட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் லூயிஸ் உட்கார்ந்திருந்தார். நெல்லித்தோப்பில் விஜயராகவன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கேமரா மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

'ஆள் நடமாட்டம்' என்று திரையில் சிவப்பாக எழுதியிருந்தது. காலை மணி பதினொன்று ஐந்து.

"எத்தினி நாளா இப்பிடி?"

"திங்கக்கிழமையிலேருந்து. பதினோரு மணிக்கு ஒரு வாட்டி, மூணு மணிக்கு ஒரு வாட்டி. மொத நாளு வண்டிய எடுத்துக்கிட்டு ஓடினேன். போட்ட பூட்டு போட்டபடி இருக்கு, கேட்டு வழியா எட்டிப் பாத்தா கம்பி கட்டு அப்பிடியே கெடக்கு, ஒரு ஈ காக்கா இல்ல. நேத்தும் ஓடினேன். இன்னொரு வாட்டி நடுவுல கெளம்பினா வீட்டோட இருந்துக்கன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. போனா வேலை போயிடும், போவலன்னா கம்பி போயிடும். எனக்கு ஒண்ணும் புரியலண்ணே."

நிம்மதிக்காகக் கேமரா வாங்கியவன் நிம்மதியைத் தொலைத்துவிட்டு நின்றான். மனைவி ஹேமலதா பயந்துவிடுவாள் என்று அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை.

லூயிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்கக் கலங்கியது. தூரத்தில், பின்சுவர் ஓரம், முதுகைக் காட்டியபடி ஓர் உருவம். கட்டம் போட்ட சட்டை, தலையில் துண்டு.

"உள்ள யாராச்சும் வேலை செய்யறாங்களா?"

"யாரும் இல்லண்ணே. பூச்சு முடிஞ்சி, மேஸ்திரி பதினஞ்சு நாளு நிறுத்தி வெச்சிருக்காரு. செவுத்துக்குத் தண்ணி அடிக்கிற கலியபெருமாள் காலையில ஆறு மணிக்கே வந்துட்டுப் போயிடுவாரு, அதுக்கப்புறம்தான் நான் கேமரா அலாரத்தையே போடுவேன்."

"திருஷ்டி பொம்மை கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன். பின்பக்கம்தான். வைக்கோல் அடைச்சி, என் பழைய சட்டையை மாட்டி..." விஜயராகவன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். "அண்ணே, இது என் சட்டை."

லூயிஸ் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "அவ்வளவுதான் விஷயம். காத்துல பொம்மை ஆடுது, கேமரா அதை ஆளுன்னு நெனைச்சிக்குது."

"அதென்னண்ணே பதினோரு மணிக்கு மட்டும்?"

"பாண்டிச்சேரியில கடல் காத்து எப்ப கெளம்பும்? அப்பத்தானே."

"மூணு மணிக்கு?"

"அப்ப வலுக்கும்."

லூயிஸிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டே விஜயராகவன் அதையும் நம்பினான்.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் 'இது ஆள் இல்லை'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாரு. அழுத்திக்கிட்டே வா. நாம சொல்லச் சொல்ல அதுவே கத்துக்கும். அப்புறம் அந்த உருவத்தைக் கண்டா வாயைத் தொறக்காது."

திங்கட்கிழமையிலிருந்து வந்த ஏழு படங்களுக்கும் விஜயராகவன் வரிசையாக அழுத்தினான். கட்டைவிரலுக்கே ஒரு நிம்மதி.

மூன்று மணி ஆனது. போன் வாய் திறக்கவில்லை. மூன்றே கால், மூன்றரை. இராமதாஸ் சூப்பர்வைசர் கடந்து போனபோது, பல நாள் கழித்து அவரைப் பார்த்துச் சிரித்தான்.

சாயங்காலம் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் அவனால் வாயைக் கட்ட முடியவில்லை. ஹேமலதா தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தான்.

"அந்தக் கேமராவுல பின்பக்கம்கூடத் தெரியுமா?" என்றாள் அவள்.

"எல்லாம் தெரியும். அந்தச் சட்டைதான் என் வேலைக்கே உலை வெக்கப் பாத்துச்சு. விட்டேனா? அது மனுசனே இல்ல, கணக்குல எடுத்துக்காதன்னு ஏழு வாட்டி அழுத்திச் சொல்லிட்டேன்."

ஹேமலதா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அவனுக்கு மறுபடியும் ஒன்றும் புரியவில்லை.

"பொம்மை போன சனிக்கிழமை காத்துலயே அறுந்து விழுந்துடுச்சுங்க. கலியபெருமாள் அண்ணனும் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாரு. தண்ணி காட்டலன்னா பூச்சு வெடிச்சிடும்னு மேஸ்திரி சொன்னாரு. 'என் பொண்டாட்டி சித்தாள் வேலை செய்யறதா'ன்னு நீங்க கத்துவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன்" என்றாள். "தெனம் ரெண்டு வேளை, சேலை நனையாம அந்தச் சட்டைய மேல மாட்டிக்கிட்டு, செவுத்துக்குத் தண்ணி அடிச்சிட்டு வர்றது நான்தான்."