நகல் பெட்டி

“ஐயா, ஒண்டையும் தொடாதேங்கோ. இப்ப மணி என்ன?”

தொலைபேசியில் பெண் குரல் பதறியது. இரத்தினசிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு ஐம்பது, பிள்ளை.”

“பெட்டியில பச்சை லைட் எரியுதோ?”

“ஓம். பெட்டிக்குப் பிரச்சினையில்லை. கம்ப்யூட்டரிலதான் ஒண்டுமில்லை. நேற்றுக் கரண்ட் கூடி வந்து ஹார்ட் டிஸ்க் எரிஞ்சு போச்சு. டவுணில புதுசு போட்டு இப்பதான் கொண்டு வந்தனான்.”

“அஞ்சு மணிக்குப் பெட்டி என்ன செய்யும் ஐயா?”

“கம்ப்யூட்டரில என்ன இருக்கோ, அதை அப்படியே நகல் எடுக்கும்.”

“இப்ப கம்ப்யூட்டரில என்ன இருக்கு?”

“ஒண்டுமில்...” இரத்தினசிங்கம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் பெட்டி அந்த வெறுமையையும் நகல் எடுத்துவிடும்.

கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். சுனாமியில் காணி உறுதிப் பத்திரம், பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் கச்சேரி வாசலில் அழுததைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்கேனர் வாங்கினார். கேட்டவர்களுடைய பத்திரங்களையெல்லாம் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தார். அதற்கு இன்னொரு நகல் வேண்டுமென்று, திரையில்லாத இந்தப் பெட்டியைக் கொழும்பிலிருந்து வரவழைத்தவள் மனைவி கமலேஸ்வரி. “கடையில ஒரு பிள்ளை இருக்கு. பழுதெண்டா போனிலயே சொல்லித் தருவா” என்றாள். இலக்கத்தை அழுத்திக் கொடுப்பதும் அவள்தான்.

பழுதுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்டி நின்றது. எந்த வெள்ளியிலும் தடிமன் பிடித்து மூக்கடைத்தது போலவே பேசும் அந்தக் கடைப் பிள்ளையும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் இன்று முன்கதிரையில் ஜெஸீமா உட்கார்ந்திருந்தாள். போன வருடச் சண்டையில் உடுத்த உடுப்போடு தோப்பூரை விட்டு ஓடி வந்தவள். அவளுடைய காணி உறுதி எரிந்துபோன வீட்டோடு போய்விட்டது. திங்கட்கிழமை காலை கச்சேரியில் நகலைக் காட்டினால்தான் வீடு கட்டித் தரும் பட்டியலில் பெயர் வரும். அந்த நகல் இருப்பது பெட்டிக்குள் மட்டுமே.

“ஐயா, பெட்டிக்குப் பின்னால நீல வயர் ஒண்டு இருக்கு. உடனே கழட்டுங்கோ!”

“கழட்டியாச்சு.”

“அதுக்கிடையிலயோ?” பெண் வியந்தாள். மற்ற வாரங்களில் அந்த வயரைக் கண்டுபிடிக்கவே அவருக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். “சரி. இப்ப கம்ப்யூட்டரில நகல் எடுக்கிற புரோகிராமைத் திறவுங்கோ. அஞ்சு மணி எண்ட இடத்தில ஒரு சரி அடையாளம் இருக்கும். அதை எடுத்துவிடுங்கோ.”

“எடுத்தாச்சு.”

“இடப்பக்கம் கம்ப்யூட்டர், வலப்பக்கம் பெட்டி. நடுவில அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்குது?”

“வலப்பக்கம்.”

“அதை அமத்துங்கோ. இடப்பக்கம் திரும்பவேணும். பெட்டியில இருக்கிறது கம்ப்யூட்டருக்கு வரவேணும், விளங்குதோ? திருப்பினாப் பிறகுதான் வயரைக் கொழுவவேணும்.”

அவர் அம்புக்குறியைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு வயரைத் திரும்பச் செருகினார். திரையில் நீலக் கோடு மெல்ல நகரத் தொடங்கியது. கடிகாரம் ஐந்தடித்தது.

கோடு பாதியைத் தாண்டியதும் ஜெஸீமாவுக்குச் சற்றுத் தெம்பு வந்தது. கமலேஸ்வரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி கேட்டாள். “அக்கா, மலர் எப்பிடி இரிக்கா? புள்ள குட்டி ஏதும்?”

கமலேஸ்வரி கணவரைப் பார்த்தாள். பெற்றவர்களுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன மகளின் பெயரை மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

“எண்பது வீதம் வந்திட்டுது” என்றார் இரத்தினசிங்கம் தொலைபேசியில். பதில் வரவில்லை. “பிள்ளை, லைனில நிக்கிறீங்களோ?”

“ஓம்... நிக்கிறன் ஐயா.”

தோப்பூர் என்ற கோப்புறை வந்தது. அதற்குள் ஜெஸீமாவின் பெயர். திறந்தபோது முத்திரையும் கையெழுத்தும் மங்காமல் உறுதி விரிந்தது. அச்சடித்த தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ஜெஸீமா. சோதனைச்சாவடியில் வரிசை நீளுமுன் போகவேண்டுமென்று கண்ணைத் துடைத்தபடி ஓடினாள்.

இரத்தினசிங்கம் களைத்துப்போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பெரிய உதவி பிள்ளை. நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு எல்லாம் போயிருக்கும்.”

“அது என்ர வேலைதானே ஐயா.” பெண் சற்றுத் தயங்கினாள். “ஆனா பன்னிரண்டு கிழமையாப் பார்க்கிறன், ஒவ்வொரு வெள்ளியும் உங்கட பெட்டிக்கு ஏதோ ஒரு வருத்தம். முதலாளியிட்டச் சொல்லி வேற பெட்டி அனுப்பட்டோ?”

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். கமலேஸ்வரி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

“அனுப்பாதை மலர். இண்டைக்குத்தான் உண்மையான பழுது. முந்தின பதினொரு வெள்ளியும் உன்ர குரலைக் கேக்க அப்பாதான் அந்த வயரைக் கழட்டிவிட்டனான்.”